பவுண்டரி வாட்டர்ஸ் கனோ ட்ரிப்: எல்லாரும் கேக்கற கேள்விகள்

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்தோட வடகிழக்கு மூலையில, கனடா பார்டரை ஒட்டி இருக்கற பவுண்டரி வாட்டர்ஸுக்கு கனோ (துடுப்பு போட்டு ஓட்டற ஒல்லியான படகு) எடுத்துட்டு நாலஞ்சு நாள் போறோம்னு வாயைத் திறந்தா போதும், எல்லார்கிட்ட இருந்தும் அதே கேள்விங்க தான் வருது. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்ண முடியல, அதனால மொத்தமா எழுதிட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கேன், அதனால அங்கங்க கொஞ்சம் நக்கலாவும் இருக்கும்.

ஏரில போட்டிங் தானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்?

ஒரு ஏரி இல்லைங்க, ஆயிரத்துக்கும் மேல. சுப்பீரியர் நேஷனல் ஃபாரஸ்ட்டுக்குள்ள 10 லட்சம் ஏக்கருக்கு மேல இருக்கற காடு இது, காட்டைக் காடாவே விட்டு வைக்கணும்னு 1964ல வந்த வைல்டர்னஸ் சட்டத்துல சேர்த்தாங்க, 1978ல இதுக்குன்னே தனிச் சட்டமும் போட்டாங்க. உள்ள ரோடு கிடையாது, கடை கிடையாது, கரன்ட் கிடையாது, பெரும்பாலான ஏரிகள்ல மோட்டாரும் கூடாது.

பழைய பனியாறுங்க பாறையைச் சுரண்டிட்டுப் போன பள்ளத்துல தண்ணி நின்னு ஆன ஏரிங்க இதெல்லாம். அதனால ரொம்ப கிட்டக்கிட்ட இருக்கும், நடுவுல ஒரு மேடு, இல்ல ஒரு சின்ன ஓடை, அவ்ளோ தான். ஒரு ஏரியைத் துடுப்பு போட்டுத் தாண்டி, கனோவையும் மூட்டையையும் சுமந்துட்டு மேட்டைக் கடந்து, அடுத்த ஏரில இறக்கி, சாயங்காலம் ஏதாவது ஒரு கேம்ப்சைட்ல டென்ட் போட்டுத் தூங்கி, மறுநாள் காலைல மறுபடியும் அதே வேலை. கேக்க மொக்கையா இருக்கும், போனா தான் தெரியும்.

அந்த சுமக்கற மேட்டர் தான் போர்ட்டேஜா? எவ்ளோ கஷ்டம்?

ஆமா அதே தான், மொத்த ட்ரிப்பையும் தீர்மானிக்கறது அது தான். மேப்ல போர்ட்டேஜ் நீளத்தை மைல்ல போட மாட்டாங்க, ராட்ல போட்டிருப்பாங்க. ஒரு ராட் 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு கனோ நீளம், 320 ராட் சேர்ந்தா ஒரு மைல். 40 ராட்னா ஏறக்குறைய 200 மீட்டர், மூச்சு வாங்கறதுக்குள்ள முடிஞ்சுடும். 180 ராட், நடுவுல சேறு, மேல ஏத்தம்னா அது வேற கதை.

புதுசா வர்றவங்க கணக்குல கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் ஒரே நடையில தூக்க முடியலைன்னா ஒரு தடவை மூட்டையோட போகணும், வெறுங்கையோட திரும்பி வரணும், மறுபடியும் மிச்சத்தை எடுத்துட்டுப் போகணும். அதாவது அரை மைல் போர்ட்டேஜ் உங்களுக்கு ஒன்றரை மைல் நடை. அந்தக் காலத்துல இதே வழியில தோல் வியாபாரத்துக்கு வந்தவங்க, ஒண்ணு 90 பவுண்டுன்னு ரெண்டு மூட்டையை முதுகுல ஏத்திட்டு, கிராண்ட் போர்ட்டேஜ்ங்கற பாதையில எட்டரை மைல் நடந்திருக்காங்க. நமக்கு அந்த வீரமெல்லாம் வேணாம், மூட்டையைக் குறைச்சாலே போதும்.

கனோவை ஒரே ஆள் தூக்க முடியுமா? எனக்கு முதுகு வலி வேற இருக்கு

கெவ்லர்ங்கற லேசான, உறுதியான நார்ல செஞ்ச கனோ எடுத்தீங்கன்னா முடியும். 17, 18 அடி நீளம் இருந்தாலும் எடை 20 கிலோ சுமாருக்குத் தான் வரும். அலுமினியம் 30 கிலோவைத் தாண்டும், வாடகை கம்மி, ஆனா அந்த மிச்சத்தை மூணாவது போர்ட்டேஜ்ல உங்க தோள் திருப்பிக் கட்டும். முதுகு வலி இருக்கறவங்க வேற எதுல சிக்கனம் பண்ணாலும் பரவால்ல, இதுல வேணாம்.

பலத்தை விட வாகு தான் முக்கியம். ஒருத்தர் கனோவைக் குப்புறக் கவுத்து, பின் முனை தரையிலயே இருக்க, முன் முனையை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கணும். நீங்க குனிஞ்சு உள்ள போய், நடுவுல இருக்கற குறுக்குக் கட்டையில ரெண்டு தோளையும் கொடுத்து மெதுவா நிமிர்ந்தா, பின் முனை தானா தரையை விட்டு எழும்பும். சரியான இடத்துல நிக்கும்போது முன் முனை லேசா மேல தூக்கி இருக்கும், கை சும்மா பிடிச்சுட்டா போதும். முன்னாடி பத்தடி பாதை மட்டும் தான் கண்ணுக்குத் தெரியும், காதுக்குள்ள உங்க மூச்சுச் சத்தமே எதிரொலிக்கும். இறக்கும்போதும் ஆள் இருந்தா நல்லது.

இன்னொண்ணு, கெவ்லர் பாறையில உரசக் கூடாது. கரை வந்ததும் காரை பார்க் பண்ற மாதிரி கொண்டு போய் மோதி நிறுத்தாதீங்க. முழங்கால் ஆழத்துலயே இறங்கி, கனோ மிதந்துட்டு இருக்கும்போதே மூட்டையை எடுக்கணும், ஏத்தறதும் அப்படியே. அதனால ஷூ தினமும் நனையும். நனையாம போகணும்னு பாறை மேல தாவறவங்க தான் வழுக்கி விழறாங்க. பகல் பூரா ஈர ஷூ, கேம்ப்புக்கு ஒரு ஜோடி காஞ்ச செருப்பு, இப்படிப் பிரிச்சுக்கோங்க.

நீச்சல் சுத்தமா தெரியாது, வரலாமா?

வரலாம், ரெண்டு கண்டிஷன். லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில போடாம உடம்புல போட்டு எல்லா கிளிப்பையும் மாட்டி இருக்கணும், கரையை விட்டு கனோ நகர்ந்ததுல இருந்து திரும்பத் தொடற வரைக்கும். சட்டப்படி ஆளுக்கு ஒண்ணு கனோல இருந்தா போதும், 10 வயசுக்குக் கீழ இருக்கறவங்க தான் கட்டாயம் போட்டிருக்கணும், ஆனா கவுந்த அப்புறம் தண்ணிக்குள்ள அதை மாட்டவே முடியாது. ரெண்டாவது, ஊருக்குப் பக்கத்துல ஏதாவது ஒரு அமைதியான ஏரில கழுத்தளவு தண்ணில ஜாக்கெட்டோட மிதந்து பாருங்க. அது தாங்குதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் ஒரு வார்த்தை. மே மாசத்துல ஐஸ் உருகி கொஞ்ச நாள் தான் ஆகியிருக்கும், அந்தத் தண்ணில விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சே நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, பத்து நிமிஷத்துல கை விரல் மடங்காது. நீச்சல் சாம்பியனா இருந்தாலும் இதே கதை தான்.

எந்த மாசம் போறது பெஸ்ட்?

என்னைக் கேட்டா ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி. கொசு அடங்கிடும், தண்ணில இன்னும் சூடு இருக்கும், கூட்டமும் குறையும். மே பாதில இருந்து ஜூன் பாதி வரைக்கும் பிளாக் ஃப்ளைன்னு ஒரு குட்டி ஈ, அது கடிக்கறது கூடத் தெரியாது, காதுக்குப் பின்னாடி ரத்தம் வழிஞ்ச அப்புறம் தான் தெரியும். ஜூன், ஜூலை கொசு ராஜ்ஜியம். மீன் பிடிக்கறவங்க இதையெல்லாம் பொருட்படுத்தாம மே கடைசிலயே போவாங்க, அவங்க வேற ஜாதி.

பர்மிட் எப்படி எடுக்கறது? அங்க போய் வாங்கிக்கலாமா?

மே 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் ராத்திரி தங்கணும்னா கோட்டா பர்மிட் வேணும். ஒவ்வொரு என்ட்ரி பாயின்ட்டுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை குரூப்னு ஒரு எண்ணிக்கை இருக்கு. அந்த வருஷத்துக்கான புக்கிங் ஜனவரி கடைசி வாக்குல ரெக்ரியேஷன் டாட் கவ் சைட்ல திறக்கும், மூஸ் லேக், லேக் ஒன், சாபில் மாதிரி பேர் போன என்ட்ரிங்க வார இறுதி தேதிகளுக்குச் சீக்கிரமே காலியாயிடும். மத்த மாசங்கள்ல கோட்டா கிடையாது, நாமளே பர்மிட் எழுதிக்கலாம்.

பர்மிட்ல ரெண்டு விஷயம் மட்டும் ஃபிக்ஸ்டு, எந்த என்ட்ரி, எந்தத் தேதி. உள்ள போன அப்புறம் எந்த ஏரிக்கும் போகலாம், எந்தப் பக்கமாவும் வெளிய வரலாம். குரூப் லீடர் பேரு மட்டும் யோசிச்சு போடுங்க. லீடரோ, புக் பண்ணும்போதே மாற்று லீடரா பேர் கொடுத்தவரோ கூட வந்தே ஆகணும், பர்மிட்டை வேற ஆளுக்குக் கை மாத்தி விட முடியாது. புக் பண்ணவருக்குக் கடைசி நிமிஷம் ஆபீஸ்ல லீவு கிடைக்காம மொத்த குரூப்பும் அம்போன்னு நின்ன கதையெல்லாம் உண்டு.

நாங்க ஃபேமிலியா 10 பேர், ஒரு ஆள் தானே எக்ஸ்ட்ரா, விட மாட்டாங்களா?

விட மாட்டாங்க. ஒரு குரூப்புக்கு 9 பேர், 4 கனோ, அதுக்கு மேல ஒண்ணு கூட இல்ல. ரெண்டு பர்மிட் எடுத்து அஞ்சஞ்சு பேரா பிரியலாம், ஆனா அதுக்கப்புறம் உண்மையாவே ரெண்டு குரூப்பா தான் இருக்கணும். சேர்ந்து தங்கறது மட்டும் இல்ல, சேர்ந்து துடுப்பு போடறது, போர்ட்டேஜ்ல ஒண்ணா நிக்கறது கூட ஒம்போதைத் தாண்டக் கூடாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு அரட்டை அடிக்கணும்ங்கறது தான் ஆசைன்னா இந்த இடம் அதுக்கு சரிப்படாது, கார்லயே போற கேம்ப்கிரவுண்ட் பாருங்க.

சாப்பாட்டுக்கு என்ன? சின்ன குக்கர் ஒண்ணு தூக்கிட்டு வரட்டா?

போர்ட்டேஜ் பத்தி மேல எழுதினதை இன்னொரு தடவை படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ காஞ்ச சாப்பாடு, அந்த அளவுல நிறுத்திக்கோங்க. சீக்கிரம் வேகற பொருளா இருக்கணும், கேஸ் மிச்சம். முதல் நாள் ராத்திரிக்கு மட்டும் ஃப்ரெஷ்ஷா எதையாவது எடுத்துட்டுப் போலாம்.

டின்னும் கண்ணாடி பாட்டிலும் தடை. டின் மீன், பீர் கேன், ஜாம் பாட்டில் எதுவும் உள்ள வரக் கூடாது. மருந்து, கொசு மருந்து, ஸ்டவ் கேஸ் இதெல்லாம் அதோட ஒரிஜினல் டப்பால ஓகே. எல்லாத்தையும் வீட்டுலயே பிரிச்சு ஜிப் கவர்ல வேளை வாரியா போட்டு, மேல பேர் எழுதிடுங்க. குப்பை எல்லாம் உங்க கூடவே திரும்ப வரும், லாட்ரின்ல (கேம்ப்சைட் கக்கூஸ்) போடறதோ நெருப்புல பிளாஸ்டிக் எரிக்கறதோ கூடாது.

கரடி வருமா?

கருங்கரடி இருக்கு. அதுக்கு நம்ம மேல ஆர்வம் இல்ல, நம்ம மூட்டை மேல தான். அதனால சாப்பாடு, டூத் பேஸ்ட், சோப்பு, குப்பைன்னு வாசனை வர்ற எதுவும் டென்ட்டுக்குள்ள இருக்கக் கூடாது. கரடியால உடைக்க முடியாதுன்னு சர்டிஃபிகேட் வாங்கின டப்பால வைக்கணும், இல்லைன்னா மரத்துல தொங்க விடணும், தரையில இருந்து 12 அடி உயரம், மரத்தண்டுல இருந்து 6 அடி தள்ளி. இது இப்போ அட்வைஸ் இல்ல, ஃபாரஸ்ட் உத்தரவு.

தொங்க விடறது சொல்ற அளவு ஈஸி இல்ல. கயிறு நுனில கல்லைக் கட்டி வீசினா அது வேண்டாத கிளையில தான் போய் மாட்டும், இருட்டுல டார்ச் வெச்சுட்டு நாலு பேர் அண்ணாந்து பாத்துட்டு நிக்கணும். வெளிச்சம் இருக்கும்போதே, சமைக்கறதுக்கு முன்னாடியே கயிறைப் போட்டு வெச்சுடுங்க. கரடி நேரா வந்துட்டா ஓடாதீங்க, ஒண்ணா நின்னு சத்தம் போட்டு பாத்திரத்தைத் தட்டுங்க, பெரும்பாலும் போயிடும். நடைமுறையில மூட்டையைக் கிழிக்கறது கரடியை விட அணிலும் எலியும் தான்.

டாய்லெட்? சொல்லுங்க, கூச்சப்படாம சொல்லுங்க

ஒவ்வொரு கேம்ப்சைட்லயும் கொஞ்சம் காட்டுக்குள்ள தள்ளி ஒரு லாட்ரின் இருக்கும். ஃபைபர்கிளாஸ் சீட், கீழ குழி, சுத்தி சுவரும் இல்ல, மேல கூரையும் இல்ல. போற பாதை ஆரம்பத்துல துடுப்பை நட்டு வெச்சா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்னு குரூப்புக்குள்ள பேசி வெச்சுக்கோங்க. தண்ணி தான் வேணும்ங்கறவங்க ஒரு தனி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, அங்கயே கழுவிக்கலாம். ஏரிக்கரைக்கு வந்து கழுவற வேலை மட்டும் வேணவே வேணாம்.

குளியல், பாத்திரம், துணி எல்லாமே தண்ணில இருந்து 200 அடி தள்ளி தான், மக்கற சோப்பா இருந்தாலும் சரி. சோப்பு இல்லாம ஏரில முங்கி எழறதுக்கு எந்தத் தடையும் இல்ல.

ஏரித் தண்ணியையே குடிக்கலாமா, பாக்க கண்ணாடி மாதிரி இருக்கே?

ஜியார்டியான்னு வயித்தைக் கெடுக்கற கிருமி ஒண்ணு இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டர் பண்ணுங்க, இல்லைன்னா தளதளன்னு கொதிச்ச அப்புறம் ஒரு நிமிஷம் விடுங்க. கரையோரத்துல எடுக்காம நடு ஏரில கனோல இருந்தே மொண்டுக்கறது நல்லது.

ஃபோன் சிக்னல் கிடைக்குமா? கூகுள் மேப் வேலை செய்யுமா?

கிடைக்காதுன்னு வெச்சுட்டே கிளம்புங்க. பேப்பர் மேப்பும் காம்பஸும் கட்டாயம். ஃபிஷர், மெக்கன்சி ரெண்டு கம்பெனி மேப்பும் இந்த ஏரிகளுக்குன்னே போட்டது, கேம்ப்சைட் எல்லாம் சிவப்புப் புள்ளியா இருக்கும், போர்ட்டேஜ் பக்கத்துல ராட் எண்ணிக்கை இருக்கும். மேப்பை மூட்டைக்குள்ள வைக்காதீங்க, வாட்டர்ப்ரூஃப் கவர்ல போட்டு முட்டிக்கு முன்னாடி வெச்சு, தாண்டற ஒவ்வொரு தீவையும் முனையையும் விரலால தொட்டுட்டே வாங்க. தண்ணி மட்டத்துல உக்காந்து பாக்கும்போது தீவும் கரையும் ஒண்ணா ஒட்டித் தெரியும், வழி தப்பறது பெரும்பாலும் அங்க தான். அவசரத்துக்கு ஒரு சேட்டிலைட் மெசெஞ்சர் வாடகைக்கு எடுத்துக்கோங்க. அது இருந்தாலும் உதவி வர பல மணி நேரம் ஆகலாம், அதை மனசுல வெச்சுட்டு கோடாலி, ரம்பம் எல்லாம் பாத்துப் பிடிங்க.

ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் போலாம்?

அமைதியான தண்ணில கனோ மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும், ஆனா அதை வெச்சு பிளான் போடக் கூடாது. முதல் தடவைன்னா நாளைக்கு மூணு நாலு சின்ன போர்ட்டேஜ், மொத்தமா 10, 12 கிலோமீட்டர். ஒவ்வொரு போர்ட்டேஜும் இறக்கறது, சுமக்கறது, திரும்ப வர்றது, ஏத்தறதுன்னு 40 ராட்டா இருந்தாலும் அரை மணி நேரத்தைத் தின்னுடும். நடுவுல ஒரு நாள் எங்கயும் நகராம ஒரே கேம்ப்ல இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க.

நாங்க பிளான் பண்ண கேம்ப்சைட்ல ஏற்கனவே ஆள் இருந்தா?

அடுத்ததுக்குப் போகணும், அவ்ளோ தான். குறிப்பிட்ட சைட்டை புக் பண்ற வசதியே இல்ல, முதல்ல வந்தவங்களுக்குத் தான். இரும்பு ஃபயர் கிரேட்டும் லாட்ரினும் இருக்கற இடத்துல மட்டும் தான் தங்கலாம், நல்ல பாறையா இருக்குன்னு நடுவுல எங்கயாவது டென்ட் போடக் கூடாது. ஜூலை, ஆகஸ்ட்ல மத்தியானம் ரெண்டு மணிக்கே தேட ஆரம்பிச்சுடுங்க. என்ட்ரி பாயின்ட் பக்கத்து ஏரிங்க தான் நெரிசல், ஒரு பெரிய போர்ட்டேஜ் தாண்டினாலே கூட்டம் வடிஞ்சுடும்.

சைட் கிடைச்சதும் டென்ட் போடறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க. 1999 ஜூலை 4ல அடிச்ச ஒரே சூறைக்காத்துல இங்க கோடிக்கணக்கான மரம் சாஞ்சது. பட்ட மரம், ஒடிஞ்சு தொங்கற கிளைக்குக் கீழ படுக்காதீங்க.

காத்து அடிச்சா என்ன பண்றது? மறுநாள் ஃப்ளைட் இருந்தா?

கரடியை விட, இடியை விட, இங்க ஆளைக் கொல்றது காத்தும் குளிர்ந்த தண்ணியும் தான். வெயில் ஏற ஏற காத்தும் ஏறும், பெரிய ஏரிகள்ல மத்தியானத்துக்குள்ள அலை நுனி வெள்ளையா நுரைக்க ஆரம்பிச்சுடும். அதனால பெரிய ஏரியைக் காலைல ஆறு மணிக்கே தாண்டிடுங்க, காபி அப்புறம் குடிச்சுக்கலாம். நடுவுல நேரா வெட்டாம, காத்து மறைவா இருக்கற கரையை ஒட்டி சுத்திப் போங்க. கிளம்பின அப்புறம் மாட்டிக்கிட்டா மண்டி போட்டு உக்காருங்க, மூட்டையெல்லாம் அடியில இருக்கட்டும், அலையைப் பக்கவாட்டுல வாங்காம கொஞ்சம் சாய்வா முன்பக்கமா வாங்குங்க. கவுந்துட்டா கனோவை விடவே விடாதீங்க, தண்ணி நிரம்பினாலும் அது மிதக்கும்.

வெள்ளை நுரை தெரிஞ்சா கிளம்பவே கிளம்பாதீங்க. மறுநாள் ஃப்ளைட், ஆபீஸ் மீட்டிங், அது உங்களுக்குத் தான் அவசரம், ஏரிக்கு இல்ல. முன்கூட்டியே ஒரு நாள் உபரியா வெச்சு டிக்கெட் போடுங்க, ஒரு வேளை சாப்பாடும் அதிகமா வெச்சுக்கோங்க. நான் யாருக்கும் பிளான் போட்டுக் கொடுத்தா முதல்ல கேக்கறது திரும்பற டிக்கெட் தேதியைத் தான்.

இடி மின்னல்?

சத்தம் கேட்டதுமே கரை ஏறுங்க, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் தண்ணில இறங்காதீங்க. தனியா நிக்கற உயரமான மரத்தடி, மொட்டைப் பாறை முனை ரெண்டும் வேணாம், ஒரே உயர மரங்களா இருக்கற இடத்துல கொஞ்சம் பிரிஞ்சு இருங்க.

கேம்ப் ஃபயர் போடலாமா? மீன் பிடிச்சு சுடலாமா?

தடை இல்லாத நாள்ல ஃபயர் கிரேட்டுக்குள்ள மட்டும் போடலாம். கீழ விழுந்த காஞ்ச விறகு, மணிக்கட்டு தடிமனுக்குள்ள, அதுவும் கேம்ப்பை விட்டுத் தள்ளிப் போய்ப் பொறுக்கினது. அணைக்கும்போது தண்ணி ஊத்தி கிளறி, மறுபடி ஊத்தி, கையை வெச்சுப் பாத்தா சூடே தெரியக் கூடாது. 2011ல பகாமி க்ரீக் தீ ஒரு மின்னல்ல ஆரம்பிச்சு, காத்து ஏறின அப்புறம் 90,000 ஏக்கருக்கு மேல எரிச்சுது. வறட்சியான வருஷத்துல தடை திடீர்னு வரும், அதனால ஸ்டவ் இல்லாம போகாதீங்க.

மீனுக்கு 16 வயசு ஆனவங்களுக்கு மினசோட்டா லைசென்ஸ் வேணும். வால்ஐ, நார்தர்ன் பைக், ஸ்மால்மவுத் பாஸ் எல்லாம் இருக்கு. குடல் கழிவை ஏரில வீசாதீங்க, கேம்ப் பக்கமும் போடாதீங்க, ஏன்னு கரடி கேள்வில இருக்கு.

நான் விசாவில இருக்கேன், பார்டர் ஏரில துடுப்பு போட்டுட்டே தெரியாம கனடா பக்கம் போயிட்டா?

இது நிஜமாவே நல்ல கேள்வி. சில ஏரிகளுக்கு நடுவுலயே எல்லைக்கோடு போகுது, வேலியும் இல்ல, போர்டும் பெருசா இல்ல. அந்தப் பக்கக் கரையில கால் வெச்சு கேம்ப் போடறதுக்கு கனடா நுழைவு அனுமதியும், அங்க இருக்கற கெட்டிகோ பார்க்குக்குத் தனி பர்மிட்டும் வேணும், அமெரிக்க பர்மிட் அங்க செல்லாது. திரும்பி வர்றதும் ஒரு முறையான நுழைவு தான். விசா ஸ்டாம்பிங் பாக்கி இருக்கறவங்க, ஸ்டேட்டஸ் மாத்த அப்ளை பண்ணி காத்துட்டு இருக்கறவங்க பார்டர் ஏரி ரூட்டையே எடுக்காதீங்க, உள்பக்கமா நூத்துக்கணக்கில ஏரி இருக்கு. எந்த ரூட்டா இருந்தாலும் பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) எல்லாம் டிரை பேக்ல போட்டு, அந்த பேக்கை கனோவோட கட்டிடாம நீங்க சுமக்கற மூட்டைக்குள்ளயே வெச்சுக்கோங்க.